குடிக்கூலி மென்பொருள்

மும்பையில் வீடு தேடி அலைந்த தமிழ்க் குடும்பத்தார்க்கு ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் இடம் அகப்படாமல் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் சென்று குடியேறிய அன்பர்கள் பலர், பதினொரு மாதத்திற்கொரு முறை அப்பத்திரத்தில் கையொப்பமிட்டுப் பழகியவர்கள். அதன்படி நாம் வாடகைக் குடித்தனக்காரர்கூட அல்லோம். பிறர் வீட்டில் குறித்த காலம் தங்கியிருக்க இசைவு பெற்றவர்கள், அவ்வளவே. சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம். காலம் முடிந்தால் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறோம்.

இதே லைசென்ஸ் என்னும் சொல் நம் கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. மென்பொருளைப் பெரும்பாலும் எவரும் நமக்கு விற்பதில்லை. பயன்படுத்திக்கொள்ள லைசென்ஸ் தருகின்றனர். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மேலே, எவரும் படிக்காத அந்த நீண்ட ஆவணம் கூறுவது இதைத்தான்.

முன்பும் ஏட்டளவில் நிலைமை இதுவே. ஆயினும், அந்நாளில் குறுந்தகடு ஒன்று நம் அலமாரியில் இருந்தது. ஒரு முறை விலை கொடுத்தோம், பத்தாண்டு கழித்தும் அதையே போட்டு வேலை செய்தோம், கேட்பார் இல்லை. 2013-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம், ஃபோட்டோஷாப் முதலியவற்றின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவுக்கே தருவதாக அறிவித்தது. அவ்வழியே பலரும் சென்றனர். இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாதக் கணக்கில், பால், பத்திரிகை, சொசைட்டிக் கட்டணம் ஆகியவற்றின் கீழே, படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, நிழற்படங்களைச் சேமிக்க ஒன்று, பிள்ளையின் பாடத்திற்கு ஒன்று என்று நான்கைந்து சந்தாக்கள் வந்து சேர்ந்துவிட்டன.

நம் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். பிள்ளையின் சங்கீதப் பயிற்சிக்கென்று சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றை ஒரே தொகையாக விலை கொடுத்து வாங்கினோம். ஈராண்டு சென்றபின் ஒரு நாள் காலை அது புதிய கோலத்துடன் தோன்றி, சந்தா செலுத்தினாலன்றி இனி இரண்டு சுருதிகளுக்குமேல் ஒலிக்காது என்று அறிவித்தது. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. ஊரிலிருந்து மூட்டையோடு மூட்டையாக வந்த பழைய சுருதிப்பெட்டி, துருத்தியில் இரண்டு ஒட்டுகளுடன், இன்றும் எவரிடமும் அனுமதி கேளாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

மென்பொருள் செய்வோரும் உண்டு உடுத்து வாழ வேண்டியவரே. நாள்தோறும் புதுப்புதுத் திருட்டு வழிகள் தோன்றும் காலத்தில், அவற்றை அடைத்துக்கொண்டே இருப்பவர்க்கு மாதந்தோறும் கூலி கொடுப்பது நியாயமே. ஆகவே சந்தா என்னும் வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. இவ்விதழே சந்தாவில்தானே நடக்கிறது! ஆனால், சந்தாவை நிறுத்திய அன்பரின் வீட்டுக்குச் சங்கத்தார் சென்று, இதுவரை அனுப்பிய இதழ்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கி எடுத்து வருவதில்லை.

அவ்வாறு எடுத்துச் சென்றதும் உண்டு. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ முதலிய நூல்களின் மின்பதிப்பு ஒன்றை, விலை கொடுத்து வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்கள் அறியாமலே நீக்கியது. அப்பதிப்பை வெளியிட்டவருக்கு உரிமையில்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் யாவும் திறவாமற் போயின. அப்போதும் விலை திரும்பி வந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தோர்க்கு 25 டாலர் சேர்த்துக் கொடுத்தனர். ஒருவர் நூலின் ஓரத்தில் எழுதிய எண்ணங்களுக்கு இவ்வளவு திட்டமான விலை வேறெங்கும் போடப்பட்டதாக நாம் கேட்டதில்லை.

விலையில்லாமல் கிடைத்தவற்றின் கதை இன்னும் சுருக்கம். ஜியோசிட்டீஸ் 2009-இலும், நம் நாட்டு இளைஞர் பலர் கூடிப் பேசிய ஆர்க்குட் 2014-இலும், யாஹூ குழுமங்கள் 2020-இலும் மூடப்பட்டன. திசைக்கொருவராகச் சிதறிய தமிழர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்ட திண்ணைகள் அவை. முன்னறிவிப்புக் கொடுத்தனர் என்பது மெய்தான். அந்த அறிவிப்பு, பலர் என்றோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரிக்குச் சென்று சேர்ந்தது.

பொருளைக் கையில் வைத்திருப்பதொன்றே போதும் என்றும் சொல்வதற்கில்லை. 1990-களில் தமிழில் தட்டெழுதிய அழைப்பிதழ்களும் ஆண்டறிக்கைகளும் பல வீடுகளில் இன்னும் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் கலந்து ஏதோ மந்திர யந்திரம் போலத் தோன்றும். அந்நாளில் பாமினி, திஸ்கி என்று எழுத்துருக்குழு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்வரிசை வைத்திருந்தது. ஒன்றில் ‘அ’ ஆகிய எண் மற்றொன்றில் வேறோர் எழுத்து. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு, பின்னர்ப் புதிய கணினிகளின் வழியே வீடுகளுக்கு வந்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமையாகாத பொது ஏற்பாடு அது. பழைய கோப்புகளை அதற்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இவையெல்லாம் நூல், அறிக்கை பற்றியவை. குடும்பப் பொருள்களுக்கு வருவோம். கூகிள் நிறுவனம் 2021 ஜூன் முதல் நாளிலிருந்து, புதிதாகச் சேரும் நிழற்படங்களை எல்லாம் 15 ஜிபி என்ற இலவச அளவுக்குள் கணக்கிடத் தொடங்கியது. 2024-இல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்படிகளும் அதே அளவுக்குள் வந்தன. ஈராண்டு திறவாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் வழக்கம் 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்தவர் தம் கணக்கைத் திறக்க வருவதில்லை என்பதை நினைத்தால், இதன் பொருள் விளங்கும். தமக்குப்பின் கணக்கு யாரிடம் சேர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதியைக் கூகிள் 2013-இலும், ஆப்பிள் 2021-இலும் செய்து கொடுத்தன. உயில் எழுதச் சொன்னாலே முகம் சுளிக்கும் நம் பெரியவர்களிடம் இதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பு, பேரப்பிள்ளைகளையே சேரும்.

சங்க அன்பர் ஒருவரின் அன்னையார் திருநெல்வேலியில் காலமானார். கடிதம் எழுதும் வழக்கத்தை என்றோ விட்டு, வாட்ஸ்அப்பில் குரலாகவே பேசி அனுப்பி வந்தவர் அவ்வம்மையார். பேரனுக்குக் கதை, மருமகளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய்ப் பக்குவம், மகனுக்கு மழையில் நனையாதே என்ற வழக்கமான எச்சரிக்கை என்று, ஆறாண்டுக் குரல் அன்பரின் கைப்பேசியில் சேர்ந்திருந்தது. துக்கம் முடிந்து திரும்பிய சில வாரங்களில், இடம் நிரம்பிவிட்டது, சந்தா செலுத்துக அல்லது வேண்டாதவற்றை நீக்குக என்று அறிவிப்பு வரலாயிற்று. பணம் பெரிதன்று, மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும். இரவு முழுதும் அமர்ந்து, அம்மாவின் எந்தப் பேச்சு வேண்டாதது என்று பட்டியல் பார்த்தாராம். மறுநாள் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் எழவில்லை.

ஞாயிறு மாலை நாம் சென்று கைப்பேசியைக் கம்பியால் கணினியுடன் இணைத்தோம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் குரற்பதிவுகளுக்கென்று தனியே ஓர் உறை உண்டு. அதனை அப்படியே படியெடுக்கலாம். இரண்டு வன்தட்டுகளில் ஏற்றினோம். ஒன்று அன்பரின் பீரோவில் இருக்கிறது. மற்றொன்று கோயம்புத்தூரிலுள்ள தங்கை வீட்டுக்குச் சென்றுவிட்டது. கோப்புகளின் பெயராக இருப்பவை தேதியும் எண்ணுமே. எது கதை, எது ஊறுகாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் பெயரிடும் வேலையை மருமகள் ஏற்றிருக்கிறார். சமையல் முடிந்த பிற்பகல்களில், நாளுக்கு ஐந்தாறு. சென்ற வாரம் வரை நாற்பது முடிந்திருந்தது.