கணக்குக் காட்டாத மாப்பிள்ளை

புனேயில் வேலை பார்க்கும் என் மச்சினன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"அத்தான், நாசிக் பக்கம் வந்து பாருங்க. குடும்பத்தோட வேன்ல கிளம்பி, ஒவ்வொரு ஒயின் தோட்டமா நிறுத்தி நிறுத்திப் போறாங்க. பந்தல்ல திராட்சை, உள்ளே பீப்பாய், கையில ஒரு கிளாஸ்... நாமளும் இருக்கோமே!"

நம்ம ஊரில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டியிருந்த காலத்திலேயே உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் இருந்தது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் கடை வாசலில் வேனை நிறுத்தி, கைக்குழந்தையோடு மாமியாரை உட்கார வைத்துவிட்டு 'சுற்றிப் பார்க்க' முடியுமா? அதுவும் என் மாமனார் பாக்குகூடப் போடாத மனிதர். கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர்.

"வேன் சரி. தோட்டம் வேண்டாம். உத்திரமேரூர் போவோம்" என்றார் சின்ன மாமனார். அவர் ரிடையரான சரித்திர வாத்தியார். அவர் இருக்கும் வேன் வேறு எங்கே போகும்?

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டை வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு வேன். பெரியவர்கள் பத்துப் பேர், குழந்தைகள் மூன்று. தலைக்கு 1,500 வீதம் 15,000 ரூபாய் சேர்ந்தது. அதை யார் வைத்துக்கொள்வது?

"குடவோலை போட்டுடலாம்!" என்றார் சின்ன மாமனார் உற்சாகமாக. அவருடைய முறைப்படி ஆண்கள் ஐந்து பேரின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, சம்படத்தில் போட்டுக் குலுக்கியாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சின்னப் பையன்தான் எடுக்க வேண்டும். ஆறு வயசான என் பிள்ளை எடுத்தான். எடுத்த ஓலையை நடுநிலையாளர் ஒருவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாதே! மாமா கையை விரித்தார்.

"பொம்பளைங்க பேரு எழுதலியா?" என்றார் அத்தை.

"அந்தக் காலத்துல கிடையாது அண்ணி."

"அப்ப சமையல் வாரியத்தையும் அவங்களே பாத்துக்கட்டும்."

மாமா சீட்டைப் பிரித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜன்னலோர ஸீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். 2019-ல் என் மச்சினியின் கல்யாணம். வண்டி, தண்ணீர் கேன், அது இது என்று சில்லறைச் செலவுக்கு மாமா என்னிடம் 40,000 கொடுத்தார். 31,500-க்கு பில் இருக்கிறது. மீதி 8,500-ஐ முதல் நாள் ராத்திரி மச்சினன் வந்து, "மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க அத்தான், கவனிக்கணும். நாளைக்குத் தந்துடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் அந்தப் பணம் எப்படிக் கரைந்தது என்பதை ஆபீஸ் போகும் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புது மாப்பிள்ளை, அதாவது இன்றைய என் சகலையும், அங்கே ஒரு மணி நேரம் தலைகாட்டினார்.

மாமாவிடம் இதை எந்தத் தலைப்பில் எழுதிக் கொடுப்பது? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கணக்கே கொடுக்காமல் விட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நூறு ரூபாய் நோட்டு என் கை வழியாகப் போனதில்லை. பி.காமில் ஒரு பாடம் உண்டு. பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் ஒதுக்கி வைப்பார்கள். நான் அந்தத் தலைப்பில்தான் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தேன்.

பரனூர் சுங்கச்சாவடியில் முதல் அடி. வேனின் ஃபாஸ்டாகில் பணம் இல்லை. பின்னால் நின்ற அத்தனை பேரின் ஹாரனையும் கேட்டுக்கொண்டு, அபராதத்தோடு கட்டினேன். பாலாற்றுப் பாலத்தில் (கீழே மணல் மட்டும்) மச்சினனின் குழந்தை சின்ன மாமனாரின் வேட்டியில் வாந்தி எடுத்தது. புக்கத்துறை கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை... டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றினால், அதிலும் காற்று இல்லை.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கிறதில்லியாப்பா?"

"பாத்தேன் சார். இருந்துச்சு." டிரைவர் சொன்னது வாஸ்தவம். ஸ்டெப்னி இருந்தது.

அவர் ஒரு டூவீலரின் பின்னால் டயரைக் கட்டிப்பிடித்தபடி போனார். நாங்கள் பனைமர நிழலில் ஒதுங்கினோம். பனை நிழல் எவ்வளவு இருக்கும்? ஆளுக்கு ஒரு தோள் அகலம். நல்லவேளை, பக்கத்திலேயே ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கை நசுக்கிப் போட்டுக் கொடுத்தார். மச்சினன் நாசிக்கில் கற்ற வித்தையைக் காட்டினான். பட்டையை லேசாகச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கண்ணை மூடி...

"என்னா சார், ஈ கீ விழுந்துட்டுதா?" என்றார் விற்பவர்.

மச்சினன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுலயே இன்னொண்ணு இருக்குமே..." என்றான்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டுனா பதநீரு சார். தடவாம வுட்டா மரத்துலயே புளிக்க ஆரம்பிச்சிடும். அது கள்ளு. அத வித்தா கேஸு."

ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டம்! தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் ஷாப்பே உண்டு. சுண்ணாம்பு இருந்தால் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது, அவ்வளவுதான் சங்கதி. நான் ஒன்பது பட்டைக்குப் பணம் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மச்சினன் மேற்கொண்டு மூன்று பட்டை குடித்தான். ஏமாற்றம் போலிருக்கிறது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வைகுண்டப் பெருமாள் கோயில். தொல்லியல் துறை பராமரிப்பில் உள்ள கல் மண்டபம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் வந்ததே, அந்தக் கல்வெட்டு இதில்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919-ல் ஒன்று, 921-ல் அதைத் திருத்தி இன்னொன்று. இரண்டே வருஷத்தில் ஏன் திருத்தினார்கள்? யாரோ ஒரு புத்திசாலி முதல் விதியில் ஓட்டை கண்டுபிடித்திருப்பான் என்பது என் ஊகம்.

ஆயிரம் வருஷத்து எழுத்து நமக்குப் படிக்க வராது. சின்ன மாமனார் கையில் ஜெராக்ஸ் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தார். ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. குடும்புக்கு ஒருவர். இவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ஓட்டு இல்லை, குலுக்கல். அந்தச் சீட்டில் பெயர் வருவதற்கே வேதம் படித்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் குடத்துக்குள் போனதே இல்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தகுதிகளைப் படித்தார். வயது 35-க்கு மேல், 70-க்குள். எனக்கு 36. பாஸ். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். குரோம்பேட்டையில் வாடகை. ஃபெயில். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும். எனக்கு மாடியில் இரண்டு துளசித் தொட்டி.

"இப்பதான் முக்கியம்" என்று கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "ஏற்கெனவே ஏதாவது வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக் கூடாது."

எனக்கு மே மாத வெயில் திடீரென்று உறைத்தது.

"அவன் மட்டும் இல்லே. அவனோட சித்தி, பெரியம்மா பிள்ளைங்க, அத்தை, மாமன் பிள்ளைங்க, தாய்மாமன், அப்பாவோட கூடப் பிறந்தவங்க, அண்ணன் தம்பி, மாமனார், பெண்டாட்டியோட பிறந்தவன், அக்கா தங்கை புருஷன், மருமான், மருமகன், அப்பன், மகன்... அத்தனை பேரும் அவுட்!"

"மாமனாருமா?" என்றார் மாமா.

"ஆமாண்ணே."

"மாமனார் என்னடா பண்ணினான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். சகலை ஜெராக்ஸை வாங்கி விரல் வைத்துத் தேடிவிட்டு, "சகலை லிஸ்ட்லயே இல்லையே!" என்றார். யாருக்காக அந்த 8,500 செலவாயிற்றோ அவர் மட்டும் சோழர் சட்டத்தில் தப்பித்துவிட்டார். சின்ன மாமனார் விடவில்லை. "பஞ்ச மகா பாதகத்துல முதல் நாலு பண்ணினவனும், அவன் உறவுக்காரங்களும் அவுட். அதுல ரெண்டாவது, குடி." மச்சினன் தூணில் ஏதோ சிற்பத்தைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தான். அந்தத் தூணில் சிற்பம் எதுவும் இல்லை.

மத்தியானம் ஏரிக்கரை. வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்துப் பெயர். ஏரி வாரியத்தின் ஆறு பேரும் காத்துவந்த ஏரி. தண்ணீர் நடுவில் ஒரு பாய் அளவுக்குத்தான் இருந்தது. புளியோதரைத் தூக்கு வேனில் கவிழ்ந்து, பாதி ஸீட்டுக்கடியில் போயிருந்தது. மீதியைப் பங்கு போட்டோம். கை கழுவிவிட்டுத் திரும்பினால், கரை மேல் மாமாவும் மச்சினனும் தனியாக நின்றிருந்தார்கள். மச்சினன் தலையைக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மாமா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மொட்டை மாடியில பாட்டிலைப் பொறுக்கினவன் மறுநாளே எங்கிட்ட வந்து கூலி வாங்கிட்டுப் போனான், மாப்ளே."

நான் பேசவில்லை.

"உங்க கையில தங்கலைன்னு அன்னிக்கே தெரியும். 'இதரச் செலவு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். குடுப்பீங்க, குடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

சாயங்காலம் நடை திறந்ததும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்து மூன்று அடுக்கு. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். படி ஏற முடியாத மாமாவை மச்சினன் ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டோம். மேலே காற்று நன்றாக இருந்தது. அன்றைக்கு முதல் காற்று.

ராத்திரி ஒன்பதரைக்கு வீடு. டிரைவர் பேட்டா கொடுத்து, பஜ்ஜி மடித்து வந்த பேப்பரின் வெள்ளைப் பக்கத்தில் கணக்கை எழுதினேன். வேன், சுங்கம், அபராதம், பஞ்சர், பதநீர், டீ. கீழே ஒரு கோடு போட்டு, '2019 பாக்கி: இதரச் செலவு 8,500' என்றும் எழுதினேன். மீதி 1,365 ரூபாய்.

மாமா ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையை நீட்டினார். வைத்தேன். எண்ணவில்லை. ஆனால் பேப்பரை விளக்கடியில் கொண்டுபோய் நிதானமாகப் படித்தார்.

"பதநீர் ஒன்பதுன்னு போட்டிருக்கு. பன்னிரண்டு ஓடினாப்போல இருக்கே?"

"மூணு மச்சினன் சொந்தக் காசுல குடிச்சது மாமா."

"வவுச்சர் இருக்கா?"