இன்னொருக்கா எண்ணுவமா?

சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக வீட்டில் காத்திருந்த நாட்கள் அவை. சாரன் வியாபாரத்துக்காக மண்டூருக்குப் புறப்பட்ட வாப்பா, "சும்மாதானே இருக்கிறீங்க, வாங்க மகள்" என்று என்னையும் கூட்டிப் போனார். குருமண்வெளியில் பாதையில் ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரையில் இறங்கினோம்.

அன்று என் மனம் சரியில்லை. என் தம்பிக்கு அப்போது நான்கு வயது. பெரிய பெனர் கட்டிய ஒரு முன்பள்ளியில் படித்தான். தினமும் கொப்பி நிறைய வீட்டுவேலை தருவார்கள். மாலையில் நான்தான் அவனுக்கு ஆசிரியை. முதல் நாள் இரவு 3 ஐத் திருப்பித் திருப்பி எழுதினான் என்று அடிமட்டத்தால் விரலில் அடித்துவிட்டேன். காலையில் அவன் தன் சப்பாத்துகளை ஒளித்து வைத்திருந்தான்.

வாப்பா கடையில் கணக்குப் பார்க்க, நான் பக்கத்திலிருந்த சிறிய முன்பள்ளியின் வேலியோரம் நின்றேன். தகரக் கூரை, ஒரே மண்டபம். பிள்ளைகள் முற்றத்தில் சிரட்டையால் மண் அள்ளி வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவன், "ஒண்டு, ரெண்டு, அஞ்சு" என்று எண்ணினான். ஆசிரியை அதட்டவில்லை. "இன்னொருக்கா எண்ணுவமா?" என்று அவனருகே குந்திக்கொண்டார்.

"எப்ப மிஸ் எழுதப் பழக்குவீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல விரல் உறுதியாகட்டும் மகள். பெற்றோரும் இதைத்தான் கேக்கிறாங்க. எழுதாட்டி வேற இடத்துக்கு மாத்திருவாங்களோ எண்டு எனக்கும் பயம்தான்" என்றார். மாதக் கொடுப்பனவு பஸ்ஸுக்கே காணாது என்றும் சொன்னார்.

நம் நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. 2016 இல் கட்டாயக் கல்விக்குரிய வயது 5 முதல் 16 வரை என்றானது. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை. முன்பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தனியாரும் சமய நிறுவனங்களும் ஊர்ச் சங்கங்களுமே நடத்துகின்றன. வசதியான ஊரில் பெற்றோருக்குத் தெரிவு உண்டு. வசதி குறைந்த ஊரில் கிடைப்பதுதான் பள்ளி. இரண்டு இடத்திலும் நல்ல முன்பள்ளி எது என்பதைப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே முடிவு செய்கிறோம். பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

அன்று மாலை அடிமட்டத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தம்பியை முற்றத்துக்குக் கூப்பிட்டேன். சிரட்டையைப் பார்த்துவிட்டு, "ராத்தா, பிழை விட்டா அடிப்பீங்களா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது. அவனும் நான்கைத் தவறவிட்டுத்தான் எண்ணினான்.

"இன்னொருக்கா எண்ணுவமா?" என்றேன்.

இப்போது அவன் தரம் ஒன்றில் படிக்கிறான். 3 ஐ நேராகவே எழுதுகிறான். ஆனால் நான் கோடு கீற அடிமட்டத்தை எடுத்தால், இன்றும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான்.