பாயிண்ட் பாத்தியாடா?

எங்க வீட்டு அம்பாசடரை வித்துடலாம்னு போன மாசம் முடிவே பண்ணிட்டோம். 1978 மாடல், மார்க் 3, பெட்ரோல். அப்பா ஆசையா வாங்கி, அவரே பார்த்துப் பார்த்து ஓட்டின வண்டி. திண்டுக்கல்லேர்ந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. அஞ்சு பேரோட முனகாம ஏறின வண்டி, இந்தத் தடவை ஆறாவது வளைவுலயே பொங்கி நின்னுடுச்சு. மிதிச்சாலும் இழுவை இல்லை.

டவுன்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். சின்னப் பையன். "ஹெட்டைக் கழட்டணும் சார், முப்பதாயிரம் ஆகும். பேசாம காயலான் கடையில போட்டுடுங்க"ன்னுட்டான்.

அப்பாவுக்கு 76 வயசு. காது மந்தம். அவருக்கு இதெல்லாம் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார்: "பாயிண்ட் பாத்தியாடா?"

பார்க்கலை. அவனும் பார்க்கலை. அவன் மேல தப்பில்லைங்க. இப்ப வர்ற வண்டியில டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. எப்ப பொறி விடணும்ங்கிறதைக் கம்ப்யூட்டரே முடிவு பண்ணிடுது.

விஷயம் இதுதான். பெட்ரோல் எரிய நேரம் ஆகும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பிளக்குல பொறி விழணும். லேட்டா விழுந்தா எரியிற வேகம் பிஸ்டனைத் தள்ளாம, சூடாகி சைலன்சர் வழியாவும் ரேடியேட்டர் தண்ணியிலயும் போயிடும். ரொம்ப முன்னாடி விழுந்தா, மேல வர்ற பிஸ்டனையே எதிர்த்து அடிக்கும்.

அம்பாசடர்ல இந்த நேரத்தைச் சொல்றது பாயிண்ட். அதோட ஃபைபர் குதி, சுத்துற கேம் மேல உரசி உரசித் தேயும். தேஞ்சா கேப் குறையும், பாயிண்ட் தாமதமா திறக்கும், பொறியும் தாமதமாகும். கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால ஓட்டுறவனுக்குத் தெரியவே தெரியாது.

ஞாயித்துக்கிழமை காலையில பானெட்டைத் திறந்தேன். அப்பா பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துக்கிட்டார். 15 தவ் இருக்க வேண்டிய கேப்புல 10 தவ் ஃபீலர் கேஜ்கூட நுழையலை! முதல்ல அதைச் சரி பண்ணணும். டைமிங்கை வெச்சுட்டு அப்புறம் கேப்பைத் தொட்டா டைமிங் மறுபடி மாறிடும்.

அப்புறம் நாலு பிளக்கையும் கழட்டி, ரேடியேட்டர் பக்கம் இருக்கிற ஒண்ணாம் நம்பர் ஓட்டையில கட்டைவிரலை வெச்சு, ஹேண்டில் போட்டு மெதுவா சுத்தினேன். காத்து விரலைத் தள்ளினதும், புல்லியில இருக்கிற வெட்டை, புத்தகத்துல போட்ட டிகிரிக்கு நேரா நிறுத்தினேன். ஒரு 12 வோல்ட் பல்பு. ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினல்ல, இன்னொண்ணு பாடியில. சாவியைப் போட்டு, கிளாம்ப்பை லூஸ் பண்ணி, ரோட்டார் சுத்துற பக்கமா டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினா பல்பு அணைஞ்சுது. எதிர்ப்பக்கம் மயிரிழை மயிரிழையா திருப்பினேன். "எரியுது, நிறுத்து"ன்னார் அப்பா. காது போனா என்ன, கண்ணு இருக்கே!

சாயங்காலமே சிறுமலை. அப்பா முன் சீட்டுல. ஆறாவது வளைவு தாண்டிடுச்சு. பதினொண்ணுல மூணாவது கியர்ல மிதிச்சேன்.

"தகர டப்பாவுல கூழாங்கல்லு போட்டு ஆட்டுற மாதிரி கேக்குதா?"

முன்னெல்லாம் இதை அவர்தான் எனக்குச் சொல்வார். கேட்டுச்சு. ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஒரு துளி பின்னாடி திருப்பி டைட் பண்ணினேன். மறுபடி மிதிச்சேன்.

"இப்ப?"

"இல்லப்பா."

"அப்ப போ."

உச்சிக்குப் போய் டீ குடிச்சோம். டெம்பரேச்சர் முள் நடுவுலயே நின்னுது. இந்தத் தடவை செலவு ஒரு பாயிண்ட் செட்டும் ஒரு பல்பும் மட்டும்தான். வண்டியை விக்கலை.

பி.கு: பல்பு வெச்சுப் பார்க்கும்போது சாவியை ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க, காயில் சூடாகிடும். நான் விட்டு, அப்பாகிட்ட திட்டு வாங்கினேன் :-)