50-க்கும் 67-க்கும் நடுவில்

கொஞ்சம் நீளமான பதிவு. டிரம் அடிப்பதைப் பற்றியது என்றதும் பாதிப் பேர் நழுவிவிடுவீர்கள், தெரியும். பழைய பேண்டு செட் பிள்ளைகள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள். உங்களில் ஒருவனுக்கு நான் பட்டிருக்கும் கடன் இதில் இருக்கிறது.

போன ஆகஸ்டிலிருந்து நான்கு மாதம் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் அங்கே ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்பு. பள்ளி மார்ச்சிங் பேண்டில் ஸ்னேர் டிரம் அடிக்கிறான். நம் சைட் டிரம்தான். ஆனால் தோளில் வார் போட்டுத் தொங்கவிடுவதில்லை. கவசம் மாதிரி ஒன்றை மார்பில் மாட்டி, அதில் டிரம்மை மட்டமாகப் பொருத்திக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் கார் நிறுத்தும் தார்த்தளத்தில் அப்படி நின்று பயிற்சி. பார்க்கவே பாவமாக இருக்கும். நம் பிள்ளைகளுக்கு வேப்பமர நிழலாவது இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம். (நம் கால்பந்து இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள்.) பேண்டு குழு மைதானத்துக்கு நடந்து போகும்போது மற்ற வாத்தியங்கள் எல்லாம் சும்மா இருக்க, டிரம் மட்டும் முழங்கும். கால் பிசகாமல் இருக்க அடிக்கும் அதற்கு கேடன்ஸ் என்று பெயர். அதில் 16 பார் எழுதிக் கொண்டுவர வேண்டும், ஸ்விங் நடையில் இருக்க வேண்டும் என்று பேரனுக்கு வேலை வந்திருந்தது.

"ஆச்சி, நீங்க பேண்ட் டீச்சர்தானே, கேட்டுச் சொல்லுங்க" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் பேண்ட் டீச்சர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேறு யாரும் ஏற்கவில்லை என்று தலைமையாசிரியர் என் தலையில் கட்டிய பொறுப்பு அது. சனிக்கிழமை தோறும் வந்து சொல்லிக் கொடுத்தவர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர். நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன், அதட்டுவேன். அவ்வளவுதான்.

அவன் வைத்திருந்தது மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருள். நோட்டு எழுதினால் அதுவே வாசித்தும் காட்டும். ஒரு அடிக்கு இரண்டு எய்த் நோட் வீதம் எழுதியிருந்தான். கணினி வாசித்தபோது தட்டச்சுப் பயிற்சி நிலையம் மாதிரி இருந்தது. ஸ்விங் என்றால் அந்த இரண்டும் சமமாக இருக்கக்கூடாது. முதல் நோட்டு நீளம், இரண்டாவது குட்டை. அதற்கென்று 'ஸ்விங்' என்ற சொல்லை முதல் பாரின் தலையில் வைத்தால் போதுமாம். தாளில் எதுவும் மாறாது, ஒலி மட்டும் மாறும். ஸ்டைல் பகுதிக்குள் போனால் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று ஒரு சதவீதம் கொடுக்கலாம். 50 என்றால் சமம். அது தானாகக் காட்டும் எண் 60. பேரன் அதை 67 ஆக்கி, "இதுதான் ஆச்சி உண்மையான ஸ்விங், டிரிப்லெட்" என்றான்.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. எங்கள் அண்ணன் மிருதங்கம் கற்றபோது திண்ணையில் உட்கார்ந்து காதால் பொறுக்கிக்கொண்டது மறக்கவில்லை. ஒரு அடியை மூன்றாக்கினால் தகிட. நடு 'கி'யை ஊமையாக்கி 'த'வையும் 'ட'வையும் மட்டும் தட்டிப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு. அதுதான் அவனுடைய 67. நான்காக்கி, தகதிமியில் முதலும் கடைசியும் மட்டும் தட்டினால் 75. புள்ளி வைத்த நோட்டு போட்டு எழுதுகிறார்களே, அது. மிடுக்காக இருக்கும், ஆனால் விறைப்பு.

அப்படியானால் 60? விரல் விட்டு எண்ணினேன். ஐந்தில் மூன்று. தகிட தக! நம் கண்ட நடையைத் திருப்பிப் போட்டது. ஏழாக்கி நான்கு, மூன்று என்று பிரித்தால் ஏறக்குறைய 57. சோபாவில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே பேரனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். அவன் கணினியில் எண்ணை மாற்ற மாற்ற, நான் வாயால் சொன்னதை அது வாசித்தது. மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஜாஸ் வாசிப்பவர்களின் ஸ்விங் ஒரே எண்ணில் நிற்பதில்லை. மெதுவான பாட்டில் சாய்வு அதிகம். வேகம் கூடக் கூடச் சமத்தை நோக்கி நகரும். ஒற்றை ஆள் டிரம் செட்டில் அது கையோடு தானாக வந்துவிடும். வரிசையாக நின்று அடிக்கும்போதுதான் தொல்லை. அங்கே பேஸ் டிரம் ஐந்து பேர், ஐந்து அளவில் ஐந்து டிரம். ஓடி வரும் அடிகளை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டு அடிப்பார்கள். கேட்பவனுக்கு ஒரே கை வாசிப்பது போல இருக்க வேண்டும். ஒருவன் 60-லும் அடுத்தவன் 67-லும் இருந்தால் மாடிப்படியில் சட்டி உருண்ட கதை.

ரோல் வந்தால் இன்னும் சிக்கல். தலையில் 'ஸ்விங்' என்று எழுதியது அந்த இரண்டு எய்த் நோட்டுகளுக்குத்தான் வழி சொல்லும். நடுவில் பொடியாக உருளும் அடிகள் மூன்றின் கணக்கிலா, நான்கின் கணக்கிலா என்று சொல்லாது. அதனால் பேரன் கடைசியில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, 12/8 தாளத்தில் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து எழுதினான். எந்த அடி எந்தக் கையில் என்று கீழே வலது, இடது குறித்தான். பக்கம் அடைசலாகிவிட்டது. ஆனால் பத்துப் பேர் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் அடிக்க முடியும்.

இதை எழுதி முடித்து அவன் தூங்கப் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1996. சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பெயர் சொல்லமாட்டேன், சைட் டிரம்மில் இருந்தான். மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது சமமான அடி. இவன் கையில் மட்டும் அது சாய்ந்து வரும். இரண்டாவது அடி ஒரு இழை தாமதித்து விழும். நம் பக்கத்துப் பறையிலும் நையாண்டி மேளத்திலும் ஓடுகிற திஸ்ர நடை, வீட்டிலிருந்து வந்தது. கால் தானாக எழும்பும். வரிசை மட்டும் குலையும்.

மாஸ்டர் என்னிடம், "அவன் அடிக்கிறது தப்பில்ல டீச்சர், மத்தவங்களோட சேரல" என்றார். பின்பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. எல்லோர் முன்னாலும் அவன் கையிலிருந்து குச்சியை வாங்கி, "சாவு வீட்டு அடியெல்லாம் இங்கே வேண்டாம்" என்றேன். அவன் அப்பா பறை அடிப்பவர். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனை சிம்பலுக்கு மாற்றினேன். இரண்டு வாரம் தட்டினான், அப்புறம் பேண்டுக்கு வரவில்லை. பள்ளிக்கு வந்தான், எனக்கு வணக்கமும் சொன்னான்.

மற்ற ஒன்பது பேருக்கும் அந்த அடியைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஒரு வரிசைக்கு எல்லோரும் ஒரே அளவில் இருந்தால் போதும். அந்த அளவு மாஸ்டருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது 28 வருடம் கழித்து, கடல் தாண்டிப் போய், ஒரு மென்பொருள் கட்டத்தில் எண்ணை மாற்றிப் பார்த்துத்தான் எனக்கு உறைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பேரனை உட்கார வைத்து, அந்தப் பையன் அடித்தது நினைவில் இருந்த வரைக்கும் நான்கு பார் எழுதினோம். 67 வைத்தால் அதிகம். 60 வைத்தால் பற்றவில்லை. 64-ல் நிறுத்தினேன். ஊர் திரும்பியதும் உங்களில் ஒருவர் மூலம் அவன் எண் கிடைத்தது. வெளியூரில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். பெண் பிள்ளை கல்லூரியில் படிக்கிறாளாம். போனில் முதலில் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ டீச்சர்" என்றான். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதி வைத்திருப்பதைச் சொல்லி, அதன் ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நேற்று ராத்திரி ஒரு குரல் பதிவு வந்தது. வண்டிக் கதவிலோ எதிலோ விரலால் தட்டியிருக்கிறான், பின்னால் ஹாரன் சத்தம். தட்டி முடித்துவிட்டு, "டீச்சர், நீங்க அனுப்பினதுல ரெண்டாவது பார் சரியில்ல. அங்க இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்கிறான்.

காலையில் இருந்து ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். ஒரு பாருக்கு மட்டும் தனியாக வேறு எண் கொடுப்பது எப்படி என்று பேரனிடம் கேட்க வேண்டும். அங்கே இப்போது நடுராத்திரி. அவன் எழுந்திருக்கட்டும்.