படுக்கை வண்டியில் நவகிரகத் தலங்களுக்கு

திரிபுரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குத் தேவர்கள் அமைத்த தேரில் குறையேதும் இல்லை. பூமியே தேர்த்தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், நான்முகன் சாரதி. ஆயினும் விநாயகரை வணங்காது கிளம்பியமையால் அதன் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகத்தை அடுத்து வரும் இவ்வூரில் ஆட்சீஸ்வரர், உமையாட்சீஸ்வரர் என இரு சன்னிதிகள் உண்டு. ஞானசம்பந்தர் பாடிய தலம். தெற்கே செல்லும் நம்மில் பலர் ஊர்ப் பலகையை மட்டும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

பெரும்பாக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் மேற்கொள்ளவிருக்கும் யாத்திரையின் முதல் நிறுத்தம் அதுதான். அங்கிருந்து நவகிரகத் தலங்களுக்கு. தலங்கள் பழையவை, வண்டிதான் எங்களுக்குப் புதிது. படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுப்பார்களே, அந்தக் கேரவன். நால்வர் படுக்க இடம், சிறு சமையல் மேடை, அமர்ந்து பயன்படுத்தும் கழிவறை. ஓட்டுநருடன் வாடகைக்குக் கிடைக்கிறது. கேரள அரசு இதற்கென்றே 2021-இல் ஒரு சுற்றுலாக் கொள்கை வகுத்தது. நம் கோயில் வாசல்களில் இன்னும் அரிய காட்சிதான்.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்ட நண்பர்களிடம் நான் கூறிய விடை ஒன்றே: என் தாயார். வயது எண்பத்து நான்கு. வெளியூர்க் கோயிலுக்குச் செல்லும் நாளில் அவர் காலை முதலே தண்ணீர் அருந்தமாட்டார். வழியில் தகுந்த கழிவறை இராது, இருந்தாலும் முழங்கால் மடங்காது என்ற அச்சம். ஒரு சித்திரை வெயிலில் பிரகாரத்திலேயே மயங்கிச் சரிந்தார். மருத்துவர் கண்டித்ததும் அவர் தண்ணீர் குடிக்கத் தொடங்கவில்லை, பயணத்தை நிறுத்திக்கொண்டார். நம் இல்லங்களில் மூத்த பெண்மணிகள் பலர் இவ்வாறுதான் யாத்திரையைக் கைவிடுகின்றனர். காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. "எனக்கு இனிமே முடியாதுப்பா" என்பதோடு சரி.

வண்டியைப் பற்றிக் கேட்டதும் அம்மாவின் முதல் கேள்வி ஆசாரம் பற்றியது. "சுவாமி படமும் அதுவும் ஒரே வண்டியிலாடா?" எனக்கு விடை தோன்றவில்லை. என் மனைவிதான், "அத்தை, நம்ம ஃபிளாட்டில் பூஜை அலமாரிக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சுவர்தானே இருக்கு?" என்றாள். அம்மா சற்று யோசித்து, சுவாமி படம் ஓட்டுநருக்கு முன்னால், பிள்ளையாரின் பக்கத்தில் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தார்.

முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் மனுக்களைப் பரிசீலித்தவனுக்கு இனிக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? வண்டியின் நீர்த்தொட்டி 150 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் 150 கிலோ சுமை. ஐவருக்கு இரண்டு வேளைக் குளியலுக்கே அது போதாது. ஆகவே குளியல் விடுதி அறையில். தொட்டி நீர் கழிவறைக்கும் கை கால் அலம்பவும் மட்டும். கழிவுத்தொட்டியை எங்கே காலி செய்வது என்பதை வாடகை பேசும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். இருட்டிய பின் ஆற்றங்கரையில் திறந்துவிடலாம் என்று ஒருவர் சர்வசாதாரணமாகக் கூறினார். அவரது வண்டியை நாங்கள் அமர்த்தவில்லை. காவிரியில் நீராடச் செல்பவர்கள் காவிரிக்குச் செய்யும் காரியமா அது?

இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓட வெளி மின்சாரம் வேண்டும். கும்பகோணத்தில் வளாகத்தினுள் வண்டியை நிறுத்தி மின்இணைப்பும் தர இசைந்த ஒரு விடுதியைத் தொலைபேசியிலேயே தேடிப் பிடித்தோம். ஓட்டுநருக்கு அங்கே தனி அறை. அவர் இரவில் நன்றாக உறங்கினால்தான் பகலில் நாம் நிம்மதியாகக் கண்ணயரலாம். மாட்டுவண்டிக் காலத்து யாத்திரிகருக்கு இக்கவலைகள் குறைவு. தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவை உணவும் உறைவிடமும் அளித்தன.

சூரியன் முதல் கேது வரை வரிசைப்படிதான் தரிசிக்க வேண்டுமெனச் சிலர் வற்புறுத்துவர். சாலைகள் அவ்வரிசையில் அமையவில்லை. திங்களூர் மேற்கே திருவையாற்றுக்கு அருகில். கேதுவின் கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாருக்கு அருகில். சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் அண்டை ஊர்கள். வைத்தீஸ்வரன்கோயிலையும் திருவெண்காட்டையும் கீழப்பெரும்பள்ளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஒன்பது தலங்கள் என்னும் ஓட்டத்தில் எனக்கு விருப்பமில்லை. நான்கு நாட்கள் ஒதுக்கியுள்ளோம். திருநள்ளாறு காரைக்காலில், புதுச்சேரி ஆட்சிக்குட்பட்டது. வாடகை வண்டிக்கு அங்கு செல்ல அனுமதி உள்ளதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி வரை பக்தர்கள் மர நிழல் தேடி அலைவது வழக்கம். அம்மா அந்நேரம் படுத்திருப்பார். வண்டி நீளமானது, மாட வீதிகளில் திரும்பாது. ஆதலால் சக்கர நாற்காலி ஒன்றும் உடன் வருகிறது.

சென்ற வாரம் வண்டியை எங்கள் குடியிருப்புக்கே வரவழைத்து, அம்மாவை ஏற்றிப் பார்த்தோம். முதல் படி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். அவரால் கால் தூக்கி வைக்க இயலவில்லை. மேடவாக்கத்தில் ஒரு தச்சரிடம் அகலமான மர முக்காலி செய்யச் சொல்லி, மறுநாள் மீண்டும் முயன்றோம். என் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினார். உள்ளே சென்று கழிவறைக் கதவைத் திறந்தார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், மூடினார். அன்றிரவு என் மனைவியிடம், தமக்கென்று தனியாக இரண்டு தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.