இடையஞ்சாவடியில் ஒரு பெட்டியை எங்கே ஒளிக்கலாம்?

புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்து, கடற்கரையை விட்டு மேற்கே மேடேறினால் மண்ணின் நிறம் மாறிவிடும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்து இடையஞ்சாவடி அந்தச் செம்மண் மேட்டில்தான் இருக்கிறது. முந்திரி, பனை, சவுக்கு, இடையிடையே மணிலாக் கொல்லைகள். பக்கத்திலேயே ஆரோவில் இருப்பதால், சைக்கிளிலும் கால்நடையாகவும் வெளியூர்க்காரர்கள் மண்பாதைகளில் போவது இங்கே புதிதல்ல.

ஆனால், ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு கொல்லை ஓரத்தில் குனிந்து, கல்லைப் புரட்டி, மரப்பொந்தில் கை விட்டுத் தேடினால்? புதையல் எடுக்க வந்தவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் 'ஜியோகேச்சிங்' விளையாடுபவராகவும் இருக்கலாம்.

அமெரிக்க அரசு 2000-ம் ஆண்டு மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. ஒருவர் சின்னப் பெட்டியில் நோட்டு வைத்து ஒளிப்பார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அல்மரின் வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது. இப்போது மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதே விதி. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பவையும் விதிகள்தாம்.

விதி சரி. இடையஞ்சாவடி போன்ற ஊரில் எந்த இடம் பொருந்தும்?

முதலில் கண்ணில் படுவது ஓடைகள். ஒரு காலத்தில் இந்த மேடு மரமில்லாமல் கிடந்தது. மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்குப் போனது. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு, வரப்பு போட்டு, ஓடையில் தடுப்பு கட்டி, மரம் நட்டுத்தான் மண்ணை நிறுத்தினார்கள். பெட்டியைத் தேடி நாலு பேர் வரப்பு மேலேயே ஏறி இறங்கினால் கரை இளகும். அடுத்த மழையில் அந்த இடத்தில்தான் உடைப்பு எடுக்கும்.

கொல்லை ஓரமும் ஆகாது. போன் காட்டும் இடம் 10 மீட்டர் வரை தள்ளிப்போவது சாதாரணம். தேடுபவர் அந்தச் சுற்றளவு முழுக்க மிதிப்பார். சுற்றிலும் 10 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 8 சென்ட் நிலம். பூவெடுத்து நிற்கும் மணிலாவில் அது சின்ன நஷ்டமல்ல.

கல் இடுக்கு இன்னும் ஆபத்து. புரட்டுகிற கல் சர்வே கல்லாக இருந்துவிட்டால், பெட்டி கிடைத்தவர் சந்தோஷமாகப் போய்விடுவார். அண்ணன் தம்பிக்குள் எல்லைத் தகராறு இங்கே தங்கிவிடும். மரப்பொந்திலோ ஆந்தையும் மைனாவும் குடியிருக்கும். எலியைப் பிடிக்கும் ஆந்தையை விரட்டினால் நஷ்டம் விவசாயிக்குத்தான். பம்புசெட் கொட்டகை, கிணற்று மேடு, கோயில் தோப்பு மூன்றும் கேட்காமல் நுழையும் இடங்களல்ல.

கிழக்கே இறங்கி, கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். வெயிலில் வெள்ளையாக விரிந்து, ஆளே இல்லாத வெளி போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பாத்தியும் யாரோ மிதித்துக் கெட்டிப்படுத்தி, நீர் கட்டிக் காய விட்டது. செருப்புக் கால் பட்டால் சேறு கலந்து உப்பின் நிறம் கெடும். கரைகளில் நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வெறுந்தரையிலேயே முட்டையிடும்; மண் நிறத்தில் இருக்கும் முட்டை மிதிபட்ட பிறகுதான் தெரியும். பக்கத்திலுள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் வைக்க முடியாது.

அப்படியானால் நல்ல இடம் எது? ஊர்ப் பொதுப்பாதை ஓரத்தில், உரிமையாளர் சரி என்று சொன்ன வேலிக்கால் அல்லது மரத்தடி. ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டிய, தண்ணீர் புகாத, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. மேலே 'இது விளையாட்டுப் பெட்டி' என்று தமிழில் எழுதி, வைத்தவரின் போன் எண் இருக்க வேண்டும். தின்பண்டம் வைத்தால் எறும்பும் நாயும் வரும். எழுத்தில்லாத டப்பா என்ன பாடு படுத்தும் என்பதற்கு உதாரணம், இங்கிலாந்தின் வெதர்பி நகரம். 2011-ல் அங்கே ஒரு கடை வாசலில் இருந்த விளையாட்டுப் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே காலி செய்து, நிபுணர்கள் வந்து வெடிக்கவைத்தார்கள்.

பெட்டியே இல்லாத வழியும் உண்டு. 2004-ல் தொடங்கிய 'எர்த்கேச்' முறையில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வருபவர் மண்ணையும் பாறையையும் நின்று பார்த்து, அங்கே கேட்கப்படும் கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். செம்மண் ஓடை ஏன் இத்தனை ஆழமாக அரித்தது, கடல் நீர் எந்தப் பாத்தியில் உப்பாகிறது என்று பாதையில் நின்றபடியே கேட்கலாம். மிதிபட எதுவும் இருக்காது. இந்தக் கரைக்கு இதுவே பொருத்தம்.

விவசாயி தன் நிலத்தில் இப்படி ஒரு டப்பாவைக் கண்டால், பெயரும் எண்ணும் இருந்தால் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லலாம். நிலத்துக்காரர் வேண்டாம் என்றால் எடுத்தே ஆக வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. எழுத்து எதுவும் இல்லையென்றால் தொடாமல், கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வதே சரி. வரப்பில் நிற்கிறவரிடம் "இது யார் நிலம்? உள்ளே வரலாமா?" என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இதற்கெல்லாம் வேலையே இருந்திருக்காது.