பலகை சுமந்தவனும் பலகை அறுத்தவனும்

போடியில் பலகை சுமந்தவர்கள் நிறையப் பேர். பலகை அறுத்தவர்கள் கொஞ்சப் பேர். சுமந்தது எங்கள் சனம். லாரியிலிருந்து இறக்கி, சும்மாடு வைத்து, வண்டி போகாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. உளி, இழைப்புளி, மூலமட்டம் எல்லாம் ஆசாரியின் பையில் இருக்கும். எடுத்துக் கொடுக்கலாம், பிடித்து வேலை பார்க்கக் கூடாது. வீட்டுக்கு நிலை வைக்கிற அன்றைக்கு ஆசாரிக்கு வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. அந்த நிலையைத் தலையில் சுமந்து வந்தவனுக்குத் தெருவில் வைத்துக் கூலி. வீடு கட்டி முடிந்ததும் அதே நிலையைத் தாண்டி அவன் உள்ளே போக முடியாது.

சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல், வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அதைப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும். மரவேலை நடக்கிற இடத்தில் ஒருநாள் நின்றால் யாருக்கும் தெரியும்.

இப்போது மலையில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிவிட்டால் பூப்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி. ஏலக்காட்டுக்கு நடுவில் தங்கும் விடுதிகளும் வெளியூர்க்காரர்களின் வீடுகளும் வந்துவிட்டன. எல்லாருக்கும் தோட்டத்தில் பலகைத் தளம் வேண்டும். 'டெக்' என்கிறார்கள். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மூடுபனி பார்க்கிற இடம். மழையில் நனைந்துகொண்டு சரிவில் வேலை பார்க்க ஆசாரிகள் எளிதில் மலையேறவில்லை. ஒப்பந்தக்காரர் மின்சார ரம்பத்தை எங்கள் கையில் கொடுத்தார். தொழில் அப்படித்தான் எங்களிடம் வந்தது, யாரும் மனசு மாறிக் கொடுக்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன், இது தொழில்தானா என்று நீங்களே சொல்லுங்கள். முதலில் சரிவில் குழி தோண்டிக் கான்கிரீட் கட்டை போட வேண்டும். மரத்தூண் மண்ணில் படக்கூடாது, பட்டால் கரையானும் ஈரமும் தின்றுவிடும். அதனால் இரும்புக் காலில் தூக்கி நிறுத்த வேண்டும். தூண் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம். இடைவெளி அதைவிட அகன்றால் நடக்கும்போது பலகை தொய்யும். ஒவ்வொரு பலகையையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு, கணு, வெடிப்பு பார்க்க வேண்டும். காய்ந்த பலகை என்றால் ரெண்டு நூல் இடைவெளி விட்டுப் போடணும். ஈரப் பலகையை நெருக்கிப் போடலாம், காய்ந்தால் தானே விலகிக்கொள்ளும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, மார்ச்சில் வெயில். மரம் ஊதும், சுருங்கும். அந்தக் கணக்கு தெரியாதவன் போட்ட தளம் ஒரே வருசத்தில் முதுகைத் தூக்கிவிடும்.

முனைகளை ஒவ்வொன்றாக அறுக்கக் கூடாது. வெளியே நீட்டியபடி எல்லாப் பலகையையும் ஸ்க்ரூ போட்டு முறுக்கிய பிறகு, பொடி தடவிய கயிற்றை இழுத்துத் தட்டினால் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் ரம்பத்தை ஒரே ஓட்டாக ஓட்ட வேண்டும். கை நடுங்கினால் கோடு நடுங்கும். என் கை நடுங்கியதில்லை.

முதல் தளம் முடிந்த அன்று கூலி கேட்டேன்.

"அண்ணே, ஆசாரிக்குக் குடுக்குற சம்பளத்தக் குடுங்க."

"நீ ஆசாரியா?"

"அறுத்தது யாருண்ணே?"

"அறுத்தது மிஷினு."

ஆசாரி பிடித்தால் அது தொழில். நாங்கள் பிடித்தால் மிஷின் தானாக ஓடுகிறது. கையாள் கூலிதான் கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கூலியைப் பேசி முடிக்காமல் ஜீப்பில் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இரண்டு வேலை கைவிட்டுப் போனது. மூன்றாவது வேலைக்குக் கேட்ட சம்பளம் வந்தது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் ஏலக்காட்டில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது. தளத்துக்கு வருவது பெரும்பாலும் வெளிநாட்டுப் பைன். மக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகை, இளம்பச்சையாக இருக்கும். அந்த மருந்துகளில் ஒரு வகை செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்தது. ஆர்சனிக் விஷம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இந்த மருந்தை ஏற்றுவதை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். கட்டோடு வந்த சீட்டை என் அக்கா மகள் படித்துச் சொன்னாள்: அறுக்கும்போது முகமூடி போடணும், துண்டுகளை எரிக்கக் கூடாது. எங்களுக்கு முகமூடி யாரும் தரவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டுதான் அறுத்தோம்.

மிச்சத் துண்டுகளைத் தோட்டத்துப் பெண்களிடம் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கி ஏறி வந்து களையெடுத்து, காய் பறித்து, இருட்டுக்குள் வீடு திரும்புகிற பெண்கள். விறகு சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? நான் போய்ச் சொன்னேன்:

"அத்தே, அத அடுப்புல வைக்காதீக. பொகையும் விஷம், சாம்பலும் விஷம்."

தலையில் வைத்த கட்டை அந்த அம்மா கீழே போட்டாள். "வெறகக்கூட நமக்கு நல்லதாத் தர மாட்டாகளாடா?" என்றாள். விருந்தாளியின் கால் ஈரத்தில் படாமலிருக்கத்தான் அந்தப் பலகை. மேலே தங்கி வேலை பார்க்கிறவர்கள் படுக்கிற ஷெட்டுகளில் மழைக்காலத்தில் தரை ஓதம் அடிக்கிறது, அட்டை ஏறுகிறது. அங்கே நாலு பலகை போட யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது கைவினைஞர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்கள். 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்களில் தச்சும் ஒன்று. குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. என் குடும்பம் வழிவழியாகச் செய்தது சுமை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியின் வாடை இதில் அடிக்கிறது. தமிழக அரசு அதை அப்படியே ஏற்க மறுத்து, 2025இல் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அது நம் தெருக்களுக்கு வந்து சேருகிறதா என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியும்போது நம் பையன்கள் எல்லாரையும் 'கூலி' என்று எழுதவிடாதீர்கள். ரம்பம் பிடிக்கிறவன் 'தச்சு' என்று எழுதட்டும். அலுவலகத்தில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்பன் என்ன தொழில் என்று கேட்டால், அப்பன் சுமந்தார், நான் அறுக்கிறேன் என்று சொல்லட்டும்.